தாரில் பிறந்த ஊதா: முதல் செயற்கைச் சாயங்கள் துணியைப் பிடித்தது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச் சிவப்புத் துணியை முதல் தடவை தனியாக ஊறப்போடச் சொல்லாத அம்மா கிடையாது. சொன்னதைக் கேட்காமல் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்து, சட்டை முழுக்க ரோஜா நிறமாகி நின்ற அனுபவம் எனக்கு உண்டு. வாளித் தண்ணீர் சிவந்து கிடப்பதைப் பார்த்தால் ஒன்று புரியும். துணிக்கு நிறம் வருவது பாதி வேலைதான், அந்த நிறம் துணியில் தங்குவது மீதிப் பாதி.

செயற்கைச் சாயங்களின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். லண்டனில் ஒரு பையன், ஒரு தற்செயல், ஓர் ஊதா நிறம், கொட்டிய பணம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊதா பருத்தியில் ஒட்டவே இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் வந்த சாயங்களைப் பருத்தியை வழிக்குக் கொண்டுவர நடந்த முயற்சிகளாக வரிசைப்படுத்திப் பார்த்தால், மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்ப்பட்டியல் ஒரே கணக்காகிவிடும். பிளஸ் டூ வேதியியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும். இடையில் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனையும் இருக்கிறது.

படி 1: முதலில் துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டும் கம்பளியும் புரதம். புரதத்தில் அமினோ தொகுதிகளும் அமிலத் தொகுதிகளும் நிறைய உண்டு. தண்ணீரில் போட்டால் சில இடங்களில் நேர்மின்சுமையும் சில இடங்களில் எதிர்மின்சுமையும் தோன்றும். எந்தச் சாயம் வந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கும்.

பருத்தி அப்படியல்ல. அது செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை ஹைட்ராக்சில் தொகுதிகள் மட்டும். மின்சுமை என்று சொல்ல பெரிதாக எதுவும் இல்லை. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், தண்ணீரோடு வந்த சாயத்தையும் உள்ளே விடும். ஆனால் அடுத்த அலசலில் இரண்டையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும்.

இந்த வேறுபாடு மனதில் இருக்கட்டும். இனி வருவதெல்லாம் இதிலிருந்துதான்.

படி 2: தாரிலிருந்து அனிலின்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் வாயு வரும், மிச்சமாகக் கறுத்த பிசுபிசுப்பான தாரும் வரும். வாயு நிறுவனங்களுக்கு அந்தத் தார் ஒரு தலைவலி. அதைக் காய்ச்சி வடித்து பென்சீனைப் பிரிக்கும் முறையை 1840களின் கடைசியில் ஒழுங்குபடுத்தியவர் சார்லஸ் மான்ஸ்ஃபீல்ட். 1855இல் வடிகலனில் தீப்பிடித்து, அந்தத் தீக்காயத்தாலேயே இறந்துபோனார்.

பென்சீன் கிடைத்தபின் இரண்டு வினைகள். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் பென்சீனைப் போட்டால் நைட்ரோ பென்சீன் வரும். அதை இரும்புத்தூள், அசிட்டிக் அமிலம் கொண்டு ஒடுக்கினால் அனிலின். இந்த இரும்பு முறையை 1854இல் தந்தவர் பிரான்சின் பெஷாம்ப். அதற்கு முன் அனிலின் ஆய்வகத்துக் குப்பியில் மட்டும் இருந்த சரக்கு, அதற்குப் பின் பீப்பாய் கணக்கில் செய்யலாம் என்றாயிற்று.

அனிலின் என்ற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 1840 வாக்கில் அவுரி நீலத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்தபோது கிடைத்த எண்ணெய்க்கு, அவுரியின் ஐரோப்பியப் பெயரான 'அனில்' என்பதிலிருந்து வைத்த பெயர் அது. அனில் என்பது அரபி வழியாகப் போன நம்மூர் 'நீல'மேதான்.

படி 3: அனிலினிலிருந்து மாவ்

1856 ஈஸ்டர் விடுமுறை. வில்லியம் ஹென்றி பெர்கினுக்கு வயது 18. லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மனின் மாணவர். கிழக்கு லண்டன் ஷாட்வெல்லில் இருந்த வீட்டிலேயே சின்னதாக ஓர் ஆய்வகம் வைத்திருந்தார். மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய வேண்டும் என்பது திட்டம்.

அவர் போட்ட கணக்கு இன்றைய மாணவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். கொய்னாவில் கார்பன் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அல்லைல் டொலுவிடினில் கார்பன் 10, ஹைட்ரஜன் 13, நைட்ரஜன் 1. ஆக, இதில் இரண்டை எடுத்து, மூன்று ஆக்சிஜன் சேர்த்து, ஒரு தண்ணீரைக் கழித்தால் கொய்னா! எண்ணிக்கை அச்சாகப் பொருந்துகிறது. செங்கல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக எல்லா வீடும் ஒரே வீடாகிவிடுமா? ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. பென்சீன் வளையத்தின் வடிவத்தை கெக்குலே முன்வைத்ததே 1865இல்தான். அன்றைக்கு எல்லோருமே எண்ணிக்கையை வைத்துத்தான் தடவிக்கொண்டிருந்தார்கள்.

கிடைத்தது செம்பழுப்பு நிற வண்டல். ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க இன்னும் எளிய பொருளான அனிலினை எடுத்தார். இம்முறை இன்னும் மோசம், கன்னங்கரேலென்று ஒரு சேறு. அதை ஆல்கஹால் ஊற்றிக் கரைத்தபோது வந்தது ஊதா. பின்னாளில் மாவ் என்று பெயர் பெற்ற சாயம் இதுதான்.

ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். அதில் உள்ள செய்முறையைச் சமையல் குறிப்பு மாதிரிப் பின்தொடரலாம்:

அனிலின் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஆறவிடவும். பொட்டாசியம் டைகுரோமேட்டைத் தனியாகக் கரைத்து, அதையும் ஆறவைத்து இரண்டையும் கலக்கவும். 10, 12 மணி நேரம் அப்படியே விட்டால் கறுப்புத் தூள் அடியில் தங்கும். அதை வடிகட்டி, உப்புப் போகத் தண்ணீரில் கழுவி, 100 டிகிரியில் காயவைக்கவும். அப்புறம் தாரிலிருந்து வடித்த நாப்தா எண்ணெயில் திரும்பத் திரும்ப ஊறவைத்தால் பழுப்புப் பிசின் கரைந்து போய்விடும். மீதி இருப்பதை ஆல்கஹாலில் ஊறவைத்தால் ஊதா மட்டும் கரைந்து வரும். ஆல்கஹாலை வடித்து எடுத்துவிட்டால் பாத்திரத்தில் நிற்பது சாயம்.

உள்ளே நடப்பது ஆக்சிஜனேற்றம். டைகுரோமேட் அனிலின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க, நான்கு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒட்டிய வளையங்கள் கொண்ட தட்டையான, நேர்மின்சுமை உள்ள பெரிய மூலக்கூறாகின்றன. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாக உலவும். அந்த உலாவலுக்குத் தோதான ஒளி மஞ்சள், பச்சைப் பகுதியில் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவதால் நம் கண்ணுக்கு ஊதா.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெர்கினின் பென்சீன் சுத்தமில்லை, டொலுயீன் கலந்தது. அதனால் அவருடைய அனிலினிலும் டொலுவிடின் கலந்திருந்தது. மாவ் மூலக்கூறில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தைல் தொகுதிகள் அங்கிருந்து வந்தவை. சுத்தமான அனிலினை வைத்து அதே செய்முறையைச் செய்திருந்தால் அந்த மாவ் வந்திருக்காது. அதன் சரியான அமைப்பு உறுதியானதே 1994இல்தான்.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அனிலின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். டைகுரோமேட் புற்றுநோய் வரவழைப்பது. பள்ளி ஆய்வகத்திலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 4: பட்டில் ஏற்றுதல், பருத்தியோடு மல்லுக்கட்டுதல்

பட்டுக்குச் சாயம் போடுவது சுலபம். டார்டாரிக் அமிலம் (புளியில் இருக்கும் அதே அமிலம்) போட்டுக் கொதித்த தண்ணீரில் சாயக் கரைசலை ஊற்றி, ஆறியதும் பட்டை முக்கினால் போதும். நேர்மின்சுமை உள்ள சாயம் பட்டின் எதிர்மின்சுமை உள்ள இடங்களைத் தேடிப்போய் உட்கார்ந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் பெர்த்தில் சாயப்பட்டறை நடத்திய புல்லர் குடும்பத்துக்குப் பெர்கின் மாதிரி அனுப்பினார். பட்டில் அருமையாக இருக்கிறது, துணியின் விலையை ஏற்றிவிடாமல் இருந்தால் பெரிய கண்டுபிடிப்புதான் என்ற பொருளில் பதில் வந்தது. பருத்தியில்தான் சிக்கல். பிரிட்டனின் பெரிய வியாபாரமோ பருத்தியில்!

1857இல் வழி கிடைத்தது. டானின். மாசிக்காயிலும் சுமாக் இலையிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து. பருத்தியை டானின் கரைசலில் ஊறவைத்தால் அது இழையில் படியும். அதை வெள்ளீய உப்பால் (பிற்காலத்தில் ஆன்டிமனி உப்பால்) கெட்டியாக்கினால் கழன்று போகாது. டானினில் அமிலத் தன்மையுள்ள ஃபீனால் தொகுதிகள் நிறைய. பருத்திக்கு இல்லாத கைகளை இது கடனாகக் கொடுக்கிறது. நேர்மின்சுமைச் சாயம் வந்து டானினைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகி இழைக்குள் மாட்டிக்கொள்கிறது. இப்படி நடுவில் நின்று பிடித்துவைக்கும் பொருளுக்குத்தான் மார்டன்ட் என்று பெயர், பாடநூல் தமிழில் நிறமூன்றி.

நம்மூர்ச் சாயக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பருத்தியைக் கடுக்காய்க் கஷாயத்தில் முக்கிவிட்டுத்தான் சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணம் எழுதினார்கள்.

படி 5: வீட்டில் ஒரு சோதனை

மாவ் வெற்றி பெற்றதும் எல்லோரும் அனிலினோடு கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து சூடாக்க ஆரம்பித்தார்கள். லியோன் நகரத்து வெர்கன் வெள்ளீயக் குளோரைடைக் கலந்து பளீரென்ற சிவப்பைப் பெற்றார். 1859இல் அது விற்பனைக்கு வந்தது, அதே ஆண்டு நடந்த மஜெந்தா போரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறகு வெள்ளீயத்துக்குப் பதில் ஆர்சனிக் அமிலம் வந்தது. விளைச்சல் கூடியது, கழிவும் கூடியது. 1860களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாயத் தொழிற்சாலைக் கழிவின் ஆர்சனிக் கிணற்று நீரில் இறங்கி மக்கள் நோயில் விழுந்தார்கள். நொய்யல் கரையில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையிருக்காது.

மஜெந்தாவின் கட்டமைப்பு எளிமையானது. நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள், ஓரங்களில் அமினோ தொகுதிகள். மூன்று இறக்கை மின்விசிறி மாதிரி. இந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இன்னும் மருந்துக்கடையில் கிடைக்கிறது: வாய்ப்புண்ணுக்கும் சிராய்ப்புக்கும் தடவிய ஊதா மருந்து, ஜென்ஷியன் வயலட். 1883இல் பிறந்த சாயம் அது.

தேவையானவை: ஜென்ஷியன் வயலட் ஒரு சிறு குப்பி, கடுக்காய்த் தூள், வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு துண்டுப் பட்டு, கையுறை, தூக்கிப்போடத் தயாரான ஒரு பாத்திரம். கையுறை கட்டாயம். ஒரு தடவை அலட்சியமாக இருந்துவிட்டு நான்கு நாள் ஊதா விரலோடு அலைந்தேன், தேர்தல் மை வைத்த மாதிரி. இது உடம்புக்கும் அவ்வளவு நல்லதல்ல என்று இப்போது தெரியவந்திருப்பதால், இந்தத் துணியை உடுத்தவும் வேண்டாம்.

பருத்தியை முதலில் சோப்புப் போட்டுக் கொதிக்கவிட்டுக் கஞ்சியையும் மெழுகையும் போக்குங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் சோதனையே பாழ். பிறகு இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை மட்டும் கடுக்காய்த் தண்ணீரில் (ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் தூள், கொதிக்கவைத்து வடிகட்டியது) ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். லேசான மஞ்சள் ஏறியிருக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் பத்துச் சொட்டு மருந்தை விட்டு, பட்டு, வெறும் பருத்தி, கடுக்காய்ப் பருத்தி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கால் மணி நேரம் கிளறுங்கள். எடுத்து முதலில் தண்ணீரிலும் அடுத்துச் சோப்பிலும் அலசுங்கள்.

எடுத்ததும் மூன்றும் ஊதாவாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். சோப்பில் அலசும்போதுதான் வித்தியாசம் தெரியும். வெறும் பருத்தி நுரையோடு நிறத்தை விட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் மங்கல் ஊதா மிஞ்சும். கடுக்காய்ப் பருத்தி பட்டுக்குப் போட்டியாக நிற்கும். கடுக்காய்க்குப் பின் ஒரு முறை படிகாரக் கரைசலில் முக்கி எடுத்தால் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும். ஆன்டிமனி உப்பு நஞ்சு, அதைத் தொட வேண்டாம்.

மூன்றையும் ஜன்னல் ஓரத்தில் வெயிலில் வைத்தால் இந்தச் சாயங்களின் இன்னொரு பலவீனமும் தெரியும். சில நாட்களில் வெளிறத் தொடங்கும். கண்ணைப் பறித்த அந்தக் கால மாவ் உடைகளுக்கும் இதுதான் கதி.

படி 6: இழைக்குள்ளேயே சாயம் சமைப்பது

சாயத்தைச் செய்து துணியில் ஏற்றுவதற்குப் பதில், துணிக்குள்ளேயே சாயத்தைச் செய்தால்? எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் அழகாகப் படுகிறது.

1858இல் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் டயசோ வினையைக் கண்டுபிடித்தார். (பின்னாளில் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சாய ஆராய்ச்சி செய்தவர்.) அனிலின் போன்ற அமீனை அமிலத்தில் கரைத்து, ஐஸில் வைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்தால் டயசோ உப்பு வரும். இரண்டு நைட்ரஜன் ஒட்டிய, நிலையில்லாத பொருள். சூடு ஐந்து டிகிரியைத் தாண்டினால் நைட்ரஜன் குமிழியாகக் கழன்று போகத் தொடங்கும், அதனால்தான் ஐஸ். அதை ஃபீனாலோடோ இன்னொரு அமீனோடோ சேர்த்தால் இரண்டு வளையங்களும் நைட்ரஜன் பாலத்தால் இணைந்துவிடும். இதுதான் அசோ சாயம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று ஆளை மாற்றினால் நிறம் மாறும்.

1880இல் இங்கிலாந்தின் ஹாலிடே குடும்பத்தார் இதைத் துணிக்குள் கொண்டுபோனார்கள். ஃபீனால் வகையைச் சேர்ந்த பீட்டா நாஃப்தாலைக் காரத்தில் கரைத்து, பருத்தியை அதில் நனைத்து உலர்த்து. அப்போது துணியில் நிறமே இருக்காது. அப்புறம் ஐஸில் குளிர்ந்த டயசோ கரைசலுக்குள் விடு. தொட்ட மாத்திரத்தில் சிவப்பு பூக்கும். சின்ன மூலக்கூறுகளாக உள்ளே நுழைந்தவை அங்கேயே கைகோத்துப் பெரிய, தண்ணீரில் கரையாத சாயமாகிவிடுகின்றன. இதை அழுத்தித் தேய்த்தால் மேலோட்டமாகப் படிந்தது கையில் ஒட்டும், அது இந்த முறையின் பிறவிக் குணம். கைத்தறிச் சாயப்பட்டறைகளில் நாப்தால் சாயம் என்று புழங்கியது இந்தப் பரம்பரைதான்.

1883இல் பால் பாட்டிகர் கண்ட காங்கோ சிவப்பு இன்னும் ஒரு படி போனது. மார்டன்ட் வேண்டாம், ஐஸ் வேண்டாம், உப்புப் போட்ட வெந்நீரில் பருத்தியைப் போட்டால் ஏறும். மூலக்கூறு நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் செல்லுலோஸ் சங்கிலியின் ஓரமாக ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. பிடிப்பு ஒன்றும் பிரமாதமில்லை, அமிலம் பட்டால் நீலமாகவும் மாறிவிடும். ஆனாலும் மலிவு, சுலபம். விற்றுத் தீர்ந்தது. அதன் மூலப்பொருளான பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தருவது பின்னால் தெரியவந்தது. சாயத் தொழிலாளர்களிடையே அந்நோயை ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ரேன் 1895லேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

படி 7: வேரின் சிவப்பும் செடியின் நீலமும்

இதுவரை வந்தவை இயற்கையில் இல்லாத நிறப்பொருள்கள். அடுத்த இரண்டும் இயற்கையின் நகல்.

ஐரோப்பாவின் மஞ்சிட்டி வேரிலும் நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின். 1868இல் கிரேபே, லீபெர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இது தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனின் வாரிசு என்று கண்டு, தாரிலிருந்தே செய்து காட்டினார்கள். மலிவான வழியை ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) நிறுவனம் 1869 ஜூன் 25 அன்று லண்டனில் காப்புரிமைக்குப் பதிந்தது. அதே வழியோடு பெர்கின் போனது ஜூன் 26. ஒரே ஒரு நாள்! கடைசியில் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே பிரான்சின் மஞ்சிட்டி வயல்கள் காலியாயின.

அலிசரினுக்கு மார்டன்ட் உலோகம். படிகாரத்தின் அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் அலிசரினின் ஆக்சிஜன்களையும் இடுக்கி போலப் பற்றிக்கொள்ளும். அலுமினியத்தோடு சிவப்பு, இரும்போடு ஊதாவும் கறுப்பும். ஒரே சாயத் தொட்டியில் ஒரே துணி பல நிறத்தோடு எழுந்து வரும் அந்தக் காலச் சித்திரத் துணிகளின் சூட்சுமம் இதுதான்.

அவுரி நீலத்தை அடால்ஃப் பேயர் 1880இல் ஆய்வகத்தில் செய்தார். ஆனால் தொழிற்சாலையில் செய்ய 1897 வரை ஆயிற்று. மூலப்பொருளான நாஃப்தலீனை ஆக்சிஜனேற்றும் படியில் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, பாஸ்ஃபில் ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலனுக்குள் கொட்டியது. வினை விறுவிறுவென்று ஓடத் தொடங்கியது, பாதரசம் வினையூக்கியாம்! சில ஆண்டுகளில் அனிலினிலிருந்தே நீலம் செய்யும் வழியும் வந்துவிட்டது. நீலத்திடம் பெயர் வாங்கிய பொருள் நீலத்தையே பெற்றெடுத்தது. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அவுரி போட்டவர்கள் வேறு பயிருக்கு மாறினார்கள்.

துணியில் ஏற்றும் முறையை மட்டும் யாரும் மாற்றவில்லை. நீலம் தண்ணீரில் கரையாது. அதை ஒடுக்கினால் மஞ்சள் கலந்த பச்சையாகிக் காரத்தில் கரையும். நம் சாயக்காரர்கள் தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்கவைத்துச் செய்ததை, ஆலைகள் ரசாயனத்தால் செய்தன. நனைத்த துணி தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மறுபடி கரையாத துகளாகி இழைக்குள் சிக்கிக்கொள்ளும். வேதிப்பிணைப்பு ஏதும் இல்லை, சும்மா மாட்டிக்கொண்டிருப்பதுதான். ஜீன்ஸ் முழங்காலில் மட்டும் வெளுப்பது இதனால்.

படி 8: அந்த வாளித் தண்ணீர்

இத்தனை சாமர்த்தியத்துக்குப் பிறகும் பருத்தியின் ஹைட்ராக்சில் தொகுதியோடு யாரும் நேரடியாகப் பிணைப்புப் போடவில்லை. கடன் கை கொடுத்தார்கள், ஓரமாக ஒட்டவைத்தார்கள், உள்ளே அடைத்துவைத்தார்கள். செல்லுலோஸோடு சகப்பிணைப்பே ஏற்படுத்தும் ரியாக்டிவ் சாயத்தை பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1956இல், மாவ் வந்து சரியாக நூறாவது ஆண்டில்.

இன்று நீங்கள் வாங்கும் பருத்திச் சட்டையில் பெரும்பாலும் அந்தச் சாயம்தான். அப்படியானால் முதல் துவையலில் ஏன் நிறம் போகிறது? பருத்தியிடம் இருக்கும் ஹைட்ராக்சில் தண்ணீரிடமும் இருக்கிறது. சாயத் தொட்டியில் ஒரு பங்குச் சாயம் இழைக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அது துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், பட்டறையில் சரியாக அலசாவிட்டால் உங்கள் வாளிக்கு வந்து சேரும். நல்ல துணியாக இருந்தால் இரண்டு, மூன்று அலசலில் தண்ணீர் தெளிந்துவிடும். ஐந்தாவது தடவையும் வாளி சிவந்தால் அது வேறு சரக்கு. கடைக்காரரிடம் ரசீதோடு போய்விடுங்கள்.